கிறிஸ்தவக் கல்லூரியில் இசைக்குழுவைப் பொறுப்பேற்று நடத்தப் போகிறவர்களுக்கு

கிறிஸ்தவக் கல்லூரி ஒன்றில் இசை ஆசிரியராகச் சேர்ந்தால் மூன்று வேலைகள் சேர்ந்தே வரும். வகுப்பில் பாடம் நடத்த வேண்டும், மாணவர்களுக்குத் தனித்தனியாகக் குரலோ கருவியோ சொல்லித்தர வேண்டும், பாடகர் குழுவையோ வாத்தியக் குழுவையோ நடத்த வேண்டும். இதற்கு மேல் சேப்பல், அதாவது கல்லூரிச் சிற்றாலயத்தில் நடக்கும் ஆராதனை. நன்றாகப் படித்துத் தேர்ந்து வருகிற இளம் இசைக்கலைஞர்கள்கூட முதல் ஆண்டில் திணறுகிறார்கள். காரணம் பெரும்பாலும் ஒன்றுதான்: யார் பாடப் போகிறார்கள் என்று கேட்டுப் பார்ப்பதற்கு முன்பே என்ன பாடுவது என்று முடிவு செய்துவிடுகிறார்கள். இந்த வழிகாட்டியில் நான் சொல்லப்போகிற ஒவ்வொரு படியிலும் காது முதலில் வரும், கை பிறகுதான் வரும்.

கையெழுத்துப் போடுவதற்கு முன்

கல்லூரியின் விசுவாச அறிக்கையை முழுதாகப் படியுங்கள். சில கல்லூரிகள் ஆசிரியர்கள் அதில் கையெழுத்திட வேண்டும் என்று கேட்கும், சில கல்லூரிகளுக்கு அதை மதித்து நடந்தாலே போதும். உங்களால் மனதார ஏற்க முடியாத வரி இருந்தால் நேர்காணலிலேயே பேசிவிடுங்கள். வேலை கிடைக்க வேண்டுமே என்று இப்போது விழுங்கினால், பிறகு ஒவ்வொரு ஆராதனையிலும் அது தொண்டையில் நிற்கும்.

கல்லூரி எந்தச் சபை மரபில் வந்தது என்பதும் இசையை நேரடியாகத் தொடும் விஷயம். லுத்தரன், ஆங்கிலிக்கன், கத்தோலிக்க மரபுகளில் வழிபாட்டுக்கு ஒழுங்குமுறை உண்டு. எந்த வாரம் எந்த வாசகம் என்பது முன்கூட்டியே தெரியும். பாப்டிஸ்ட், பெந்தெகொஸ்தே பின்னணியில் வந்த கல்லூரிகளில் அந்த வாரம் செய்தி கொடுப்பவரைப் பொறுத்துப் பாடல்கள் மாறும். கிறிஸ்துவின் சபைகள் என்ற மரபைச் சேர்ந்த பல சபைகளில் ஆராதனையில் வாத்தியமே கிடையாது, குரல் மட்டும்தான். இது தெரியாமல் கீபோர்டு தூக்கிக்கொண்டு போய் நிற்கக் கூடாது.

அப்புறம் வேலை நேரம். இரண்டு மணி நேர ஒத்திகையை எத்தனை பாடவேளையாகக் கணக்கிடுவார்கள்? சேப்பலுக்குத் தயார் செய்யும் நேரம் கணக்கில் வருமா? சேப்பல் பாடல்களைத் தேர்ந்தெடுப்பது நீங்களா, கல்லூரிப் போதகரா, மாணவர் ஆராதனைக் குழுவா? மூன்றுக்கும் எழுத்தில் பதில் வாங்குங்கள். இந்தச் சுமை புதிதல்ல. 1723-ல் லைப்சிக் நகரில் புனித தோமா பள்ளியின் இசைப் பொறுப்பை ஏற்ற யோஹான் செபாஸ்டியன் பாக், மாணவர்களுக்கு லத்தீன் பாடமும் நடத்த வேண்டும் என்பது ஒப்பந்தத்தின் ஒரு பகுதியாக இருந்தது. அவர் தன் கைக்காசைக் கொடுத்து வேறொரு ஆசிரியரை அதற்கு ஏற்பாடு செய்துகொண்டார். உங்களுக்கு அந்த நிலை வராமல் இருக்க, முதலிலேயே கேட்டுவிடுவது நல்லது.

ஆண்டு நாட்காட்டியைப் போடுங்கள்

ஒரே தாளில் மூன்றையும் எழுதுங்கள்: கல்லூரித் தேர்வு நாட்கள், சபை நாட்காட்டி, உங்கள் கச்சேரிகள். ஈஸ்டர் மார்ச் 22-க்கும் ஏப்ரல் 25-க்கும் இடையில் எங்கு வேண்டுமானாலும் விழும். ஆகவே போன வருடத்து அட்டவணையை அப்படியே நகல் எடுக்க முடியாது. ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலம் ஞாயிறுகளை விட்டு 40 நாள். மரபை இறுக்கிப் பிடிக்கிற கல்லூரிகளில் அந்த நாட்களில் அல்லேலூயா பாடமாட்டார்கள். ஈஸ்டர் கச்சேரிக்கு ஒத்திகை பார்த்த அல்லேலூயா பாடலைத் தவக்காலத்துச் சேப்பலில் முன்னோட்டமாகப் பாடி, போதகரிடம் சங்கடப்பட்டு நிற்க வேண்டியதில்லை. திருவருகைக் காலம் கிறிஸ்துமஸுக்கு முந்தைய நான்காவது ஞாயிறு தொடங்குகிறது. பல கல்லூரிகளில் பருவத் தேர்வும் அதே வாரங்களில்தான் வரும். அதனால் கிறிஸ்துமஸ் கச்சேரியில் கடினமான பாடல் ஒன்று போதும், மற்றவை மாணவர்கள் சுமையில்லாமல் பாடக்கூடியவையாக இருக்கட்டும்.

குரல் கேட்கும் நாள்

இங்கேதான் நேரம் செலவழிக்க வேண்டும். ஆளுக்குப் பத்து நிமிடம் ஒதுக்குங்கள். அறிவிப்பில் தேர்வு என்று போட்டால் கூச்சமுள்ள நல்ல குரல்கள் வராமலே போய்விடும். வந்து பாடிக் காட்டுங்கள் என்று போடுங்கள், போதும்.

மாணவி உள்ளே வந்ததும் பியானோவைத் தொடாதீர்கள். எந்த ஊர், என்ன படிப்பு என்று பேச விடுங்கள். பேசும்போதே குரலின் இயல்பான உயரம் தெரிந்துவிடும். பிறகு அவருக்கு நன்றாகத் தெரிந்த ஏதாவது ஒரு பாமாலைப் பாட்டின் முதல் சரணம், அவருக்குப் பிடித்த சுருதியில். அதன் பிறகு ஐந்து சுரங்கள் ஏறி இறங்குகிற பயிற்சி, ஒவ்வொரு முறையும் அரைச்சுரம் மேலே, பிறகு அதே போலக் கீழே. உங்கள் தாளில் நான்கு குறிப்புகள் வேண்டும்: சிரமமில்லாமல் எட்டும் கீழ்ச்சுரம், மேல்சுரம், குரல் ஒரு தளத்திலிருந்து இன்னொரு தளத்துக்குத் தாவும் இடம், குரல் நிறைவாக ஒலிக்கும் இடம். எந்தப் பிரிவில் உட்கார வைப்பது என்பதைக் கடைசிக் குறிப்புதான் சொல்லும். எட்டுகிற சுரத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள். ஒரு மேல்சுரத்தை ஒரு முறை தொடுவது வேறு, அங்கேயே பத்து நிமிடம் பாடுவது வேறு.

பொதுவான கல்லூரிக் குழுவுக்கு இந்த அளவுகள் உதவும். நடு சி என்பது பியானோவின் நடுவே உள்ள சி. சொப்ரானோ (பெண்களின் மேல் குரல்) நடு சி-யிலிருந்து அதற்கு மேல் ஸ்தாயியின் ஏ வரை. ஆல்டோ (பெண்களின் கீழ்க் குரல்) நடு சி-க்குக் கீழே உள்ள ஜி-யிலிருந்து மேல் ஸ்தாயியின் டி வரை. டெனர் (ஆண்களின் மேல் குரல்) நடு சி-க்கு ஒரு ஸ்தாயி கீழிருந்து, நடு சி-க்கு மேலே ஜி வரை. பேஸ் (ஆண்களின் கீழ்க் குரல்), சாதாரண கிட்டாரின் தடித்த தந்தி ஒலிக்கிற ஈ-யிலிருந்து நடு சி வரை.

பிறகு ஒரு சின்னச் சோதனை. நீங்கள் நான்கு சுரம் வாசியுங்கள், அவர் திருப்பிப் பாடட்டும். அடுத்து ஒரு சுரத்தை அவரைப் பிடித்து நிற்கச் சொல்லி, அதற்குப் பக்கத்துச் சுரத்தை நீங்கள் வாசியுங்கள். அசையாமல் நிற்கிறாரா, பியானோ பக்கம் சாய்கிறாரா? நடுப் பிரிவுகளில் யாரை நம்பி உட்கார வைக்கலாம் என்பது இதில் தெரிந்துவிடும்.

இந்த இடத்தில் நடக்கிற இரண்டு அநியாயங்களைச் சொல்லியாக வேண்டும். ஸ்கோர் (இசைக்குறிப்புத் தாள்) படிக்கத் தெரிந்த பெண்களை எல்லாம், தன் வரியைப் பிடித்துக்கொள்வார்கள் என்பதற்காக ஆல்டோவில் போட்டுவிடுவது வழக்கம். அதில் பலர் உண்மையில் சொப்ரானோக்கள். நான்கு வருடம் கீழேயே பாடிவிட்டு மேல் ஸ்தாயியை மறந்து பட்டம் வாங்குகிறார்கள். இரண்டாவது, டெனர் பஞ்சம். பதினெட்டு வயதுப் பையன்களில் பெரும்பாலானோர் டெனருக்கும் பேஸுக்கும் இடைப்பட்ட பாரிடோன்கள். ஆள் இல்லை என்பதற்காக அவர்களை டெனரில் தள்ளினால் கழுத்து நரம்பு புடைக்கப் பாடுவார்கள், குரல் கெடும். டெனர் இரண்டு பேர்தான் இருக்கிறார்களா? ஆண்களுக்கு ஒரே வரி உள்ள மூன்று பிரிவுப் பாடல்களை அந்த ஆண்டுக்கு எடுங்கள். அதில் எந்தக் குறைச்சலும் இல்லை.

ஆள் எண்ணிக்கை குறைவு என்று மனம் தளர வேண்டாம். பாக் 1730-ல் நகர சபைக்கு எழுதிய மனுவில், ஒரு பாடகர் குழுவுக்குப் பிரிவுக்கு மூன்று பேராவது வேண்டும், நான்கு பேர் இருந்தால் நல்லது என்று கேட்கிறார். மொத்தம் 12, அல்லது 16. அதே மனுவில் தன் மாணவர்களையும் வகைப்படுத்துகிறார்: 17 பேர் பயன்படுவார்கள், 20 பேர் இன்னும் தேற வேண்டும், 17 பேர் உதவமாட்டார்கள். உங்கள் கணக்கில் முதல் இரண்டு வகையும் இருக்கட்டும். மூன்றாவது வகையில் யாரையும் சேர்க்க அவசரப்படாதீர்கள். சுருதி சேராத முதலாண்டு மாணவருக்கு வாரம் பதினைந்து நிமிடம் தனியாகக் கொடுத்தால் பலருக்கு ஒரு பருவத்துக்குள் காது திறந்துவிடும். நீங்கள் முதலில் ஆசிரியர், குழு நடத்துவது அதன் தொடர்ச்சி.

பாடல் தேர்வு

குரல் தாள்கள் எல்லாம் கைக்கு வந்த பிறகுதான் ஸ்கோர் அலமாரியைத் திறக்க வேண்டும். பாடலின் வரிகளை இசை இல்லாமல் உரக்கப் படித்துப் பாருங்கள். கல்லூரியின் விசுவாசத்தோடு பொருந்துகிறதா, மாணவர்கள் பாடும்போது அர்த்தம் புரிந்து பாட முடியுமா? புரியாத மொழி என்றால் சொல்லுக்குச் சொல் பொருளை ஸ்கோரிலேயே எழுத வையுங்கள். பருவத்துக்கு வாத்தியத் துணையே இல்லாத பாடல் ஒன்றாவது இருக்கட்டும். பியானோவின் முதுகில் சாயாமல் ஒருவரையொருவர் கேட்கப் பழக அதைவிட நல்ல வழி கிடையாது. அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்தில் உள்ள செயின்ட் ஓலாஃப் கல்லூரிக்கு எஃப். மெலியஸ் கிறிஸ்டியன்சன் 1903-ல் இசைப் பொறுப்பாளராக வந்தார். முதலில் அவர் கையில் கிடைத்தது பேண்டு வாத்தியக் குழுதான். துணை வாத்தியமின்றிப் பாடுவதற்குப் பேர்போன செயின்ட் ஓலாஃப் பாடகர் குழு 1912-ல் உருவானது. நடுவே ஒன்பது ஆண்டுகள். வந்த வருடமே பெரிய குழு வேண்டும் என்று நிர்வாகம் கேட்டால் இந்த உதாரணத்தைச் சொல்லலாம்.

ஒத்திகை

குரலைத் தயார் செய்ய எட்டு, பத்து நிமிடம். உதடுகளை அதிரவிட்டு ஏறி இறங்குவது, வாய் மூடி முனகுவது, பிறகு திறந்த உயிரெழுத்துகள். அது முடிந்த கையோடு அன்றைய கடினமான பகுதியை எடுங்கள். மூளை புதிதாக இருக்கும் நேரம் அந்த அரை மணிதான். நன்றாகத் தெரிந்த பாடலைக் கடைசியில் பாடி அனுப்புங்கள், முகம் மலர்ந்து போவார்கள்.

ஜெபத்தோடு ஒத்திகையைத் தொடங்குவது இத்தகைய கல்லூரிகளில் பரவலாக உண்டு. மாணவர்கள் முறை வைத்து நடத்தட்டும். சுருக்கமாக இருக்கட்டும். ஜெபத்துக்குள்ளே வருகைப் பதிவு, தாமதம் பற்றிய கண்டிப்பையெல்லாம் நுழைக்காதீர்கள். அது ஜெபத்துக்கும் மரியாதை இல்லை, மாணவர்களுக்கும் மரியாதை இல்லை.

புதிதாக வருகிறவர்கள் அதிகம் தடுமாறுவது சுருதி இறங்கும்போது. துணை இல்லாமல் பாடி முடித்துப் பியானோவைத் தொட்டால் அரைச்சுரம் கீழே நிற்கும். உடனே "சுருதி சுருதி" என்று கத்துவதால் ஒன்றும் நடக்காது. எங்கே இறங்குகிறது என்று முதலில் கேட்க வேண்டும். நான்கு பார் (ஸ்கோரில் கோடு போட்டுப் பிரித்திருக்கும் தாள அளவு) மட்டும் எடுங்கள். பேஸ் பிரிவு அடிச்சுரத்தைப் பிடித்து நிற்கட்டும். அதன் மேல் மற்றவர்கள் "நூ" என்ற ஒலியில் மெதுவாகப் பாடட்டும், வார்த்தை வேண்டாம். பெரும்பாலும் குற்றவாளி மூன்றில் ஒன்றாக இருக்கும்: மேலிருந்து படிப்படியாக இறங்கும் வரியில் ஒவ்வொரு படியையும் கொஞ்சம் அதிகமாக இறங்குவது, ஒரே சுரம் திரும்பத் திரும்ப வரும்போது மூச்சு தளர்வது, ஆளுக்கொரு விதமாக "ஆ" சொல்வது. மூன்றாவதைச் சரிசெய்தாலே பாதி சுருதி நேராகிவிடும். எதுவும் சரிவராவிட்டால் பாடலை அரைச்சுரம் ஏற்றி எடுத்துப் பாருங்கள். குரல் தாவும் இடம் மாறுவதால் சில சமயம் அப்படியே நின்றுவிடும்.

பியானோவை நீதிபதியாக வைக்கவும் வேண்டாம். குரல்கள் தாமாக இணங்கும்போது மேஜர் கார்டின் மூன்றாம் சுரம் பியானோவில் இருப்பதைவிடச் சுமார் 14 சென்ட் கீழே அமரும். ஓர் அரைச்சுரம் என்பது 100 சென்ட். அந்த இணக்கத்தைக் கேட்டு அனுபவித்த மாணவன் அதற்குப் பிறகு தானாகவே அதைத் தேடுவான்.

ஸ்கோர் படிக்கத் தெரியாதவர்களுக்கு டோனிக் சொல்ஃபாவில் தொடங்குங்கள். சுருதி எதுவானாலும் ஆதார சுரம் "டோ" என்று வைத்துக்கொள்ளும் முறை என்பதால் காது சீக்கிரம் பழகும். ஒவ்வொரு ஒத்திகையிலும் ஐந்து நிமிடம் போதும், விடாமல் செய்ய வேண்டும்.

சேப்பல்

கச்சேரி மேடையில் சபையார் உங்கள் குழுவைக் கேட்கிறார்கள். சேப்பலில் நிலைமை தலைகீழ்: சபையார் பாட வேண்டும், உங்கள் குழு அதற்குத் தோள் கொடுக்க வேண்டும். அவர்கள் பாடுகிறார்களா என்று எப்படித் தெரிந்துகொள்வது? இரண்டாம் சரணத்தில் வாத்தியங்களை நிறுத்திப் பாருங்கள். அறை முழுக்கக் குரல் எழுந்தால் சரி. மைக்கில் பாடும் நான்கு பேர் குரல் மட்டும் கேட்டால் எங்கோ தப்பு இருக்கிறது.

அந்தத் தப்பு பெரும்பாலும் சுருதியில் இருக்கும். பதிவுகளில் வரும் ஆராதனைப் பாடல்களை உயர்ந்த டெனர் குரலுக்காகவே அமைத்திருப்பார்கள். அதே சுருதியில் காலை வேளையில் நூறு மாணவர்களைப் பாடச் சொன்னால் பாதிப் பேர் வாயசைப்பதோடு நிறுத்திக்கொள்வார்கள். மெட்டின் உச்சச் சுரம், பெண்கள் பாடும் ஸ்தாயியில் நடு சி-க்கு ஒன்பதாவது சுரமான டி-யைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஓரிரு இடத்தில் ஈ ஃப்ளாட் வரை போனால் தாங்கும். இரண்டு மூன்று அரைச்சுரம் இறக்கினால் கிட்டார் வாசிப்பவர் முகம் சுளிக்கலாம். கிட்டாரின் கழுத்தில் மாட்டும் கேப்போ கிளிப்பை எடுத்துக்கொடுங்கள்.

புதுப் பாட்டு அறிமுகம் செய்வதற்குப் பொறுமை வேண்டும். ஒரு வாரம் குழு மட்டும் பாடட்டும், அடுத்த வாரம் பல்லவியில் சபையார் சேரட்டும், அதற்கு அடுத்த வாரம் முழுப் பாட்டு. ஒரே ஆராதனையில் இரண்டு புதுப் பாட்டு வேண்டவே வேண்டாம். பாட்டுக்கு முன் வாசிக்கும் பகுதி சுருதியையும் வேகத்தையும் தெளிவாகச் சொல்ல வேண்டும். கடைசி வரியை அப்படியே வாசிப்பது போதுமானது. சரணங்களுக்கு நடுவே ஒரு முழு மூச்சுக்கு இடம் விடுங்கள்.

போதகர் கேட்கும் பாட்டின் வரிகள் பொருத்தமாக இருக்கும், மெட்டு யாருக்கும் தெரியாது. அப்போது பாமாலைப் புத்தகங்களில் பாட்டின் தலைப்பருகே அச்சிட்டிருக்கும் எண்களைப் பாருங்கள். 8.6.8.6 என்று இருந்தால் ஒவ்வொரு வரியிலும் அத்தனை அசைகள் என்று பொருள். அதே எண்கள் கொண்ட, எல்லோருக்கும் தெரிந்த வேறொரு மெட்டில் அந்த வரிகளை வைக்கலாம். அழுத்தம் சரியான சொல்லில் விழுகிறதா என்று நீங்கள் பாடிப் பார்த்த பிறகு கொடுங்கள். 8.7.8.7 மெட்டுகளில் இது அடிக்கடி இடறும், ஏனென்றால் சில மெட்டுகள் அழுத்தத்தில் தொடங்கும், சில தொடங்காது.

ஒலி அளவைக் கவனியுங்கள். தொழில்முறைக் கேட்புப் பாதுகாப்புக்கு அமெரிக்காவின் நியாஷ் (NIOSH) என்ற பணியிடப் பாதுகாப்பு ஆய்வு நிறுவனம் பரிந்துரைப்பது 8 மணி நேரத்துக்கு 85 டெசிபல். அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் அனுமதிக்கும் நேரம் பாதியாகக் குறையும். 88-க்கு நான்கு மணி, 91-க்கு இரண்டு மணி, 100-க்குப் பதினைந்து நிமிடம்தான். டிரம்ஸுக்குப் பக்கத்தில் தினமும் நிற்கும் மாணவனுக்கு இது உடம்பு விஷயம். காதடைப்பான் வாங்கிக் கொடுக்கக் கல்லூரியிடம் கேளுங்கள்.

வாத்தியக் குழுவும் உங்கள் தலையில் விழுந்தால்

பாடகர் பின்னணியில் வந்தவர்களுக்கு முதலில் உதைப்பது சுருதி மாற்றும் வாத்தியங்கள். பி ஃப்ளாட் கிளாரினெட், டிரம்பெட் ஆகியவை எழுதியிருப்பதைவிட ஒரு முழுச்சுரம் கீழே ஒலிக்கும். ஆல்டோ சாக்ஸபோன் ஒரு மேஜர் ஆறாம் இடைவெளி கீழே. எஃப் ஹார்ன் ஐந்தாம் இடைவெளி கீழே. சேப்பலில் கிட்டாருக்கு வசதி என்று ஈ மேஜரில் வைத்தால், பாவம், டிரம்பெட் வாசிப்பவர் ஆறு ஷார்ப் உள்ள எஃப் ஷார்ப் மேஜரில் வாசிக்க வேண்டியிருக்கும். அரைச்சுரம் ஏற்றி எஃப் மேஜரில் வைத்தால் அவருக்கு ஜி மேஜர், ஒரே ஒரு ஷார்ப். உச்சச் சுரம் சபையாருக்கு எட்டுமா என்பதையும் சேர்த்துப் பார்த்து முடிவெடுங்கள். குழு சேர்ந்து வாசிக்கும் முன் சுருதி கூட்ட மூன்று நிமிடம் ஒதுக்குங்கள். ஊதும் வாத்தியம் குளிர்ந்திருந்தால் தாழ்ந்தே ஒலிக்கும் என்பதால் கொஞ்சம் ஊதிச் சூடேற்றிய பிறகு கூட்டுங்கள்.

மாணவர்களின் மனசாட்சி, மதிப்பெண், உரிமை

குழுவில் வேறு சபையினர், வேறு மதத்தினர், எதையும் நம்பாதவர்களும் இருப்பார்கள். பருவத் தொடக்கத்திலேயே பாடல் வரிகளைக் கொடுத்துவிடுங்கள். ஒரு குறிப்பிட்ட பாடலைப் பாட மனம் ஒப்பவில்லை என்று ஒருவர் வந்து சொன்னால் காரணம் தோண்ட வேண்டாம். அந்தப் பாடலின்போது அவர் உட்கார்ந்திருக்கலாம் என்று சொல்லிவிடுங்கள். மதிப்பெண் வருகைக்கும், தன் வரியைக் கற்றதற்கும், ஒத்திகையில் காட்டும் ஒழுங்குக்கும் மட்டும். பக்திக்கு மதிப்பெண் போடும் அதிகாரம் நமக்கு இல்லை.

ஒரே மாணவி உங்களிடம் தனிப்பாடம் கற்று, பாடகர் குழுவில் பாடி, ஆராதனைக் குழுவிலும் மைக் பிடிப்பார். அவர் குரலின் வாராந்தரச் சுமையை மொத்தமாகப் பார்ப்பவர் உங்களைத் தவிர யாரும் இல்லை. சளி, தொண்டை வலி என்றால் ஒத்திகையில் உட்கார்ந்து ஸ்கோரில் குறிப்பெடுக்கச் சொல்லுங்கள்.

உரிமைகளைப் பொறுத்தவரை, பழைய பாடலாகவே இருந்தாலும் மொழிபெயர்ப்புக்கும் இசையமைப்பு வடிவத்துக்கும் தனித்தனி உரிமை இருக்கலாம். பாடல் வரிகளைத் திரையில் காட்ட வாங்கிய உரிமம் பாடகர் குழு ஸ்கோரை நகல் எடுக்கவும் போதும் என்று நினைத்துவிடாதீர்கள். அதைத் தனியாகச் சரிபாருங்கள்.

ஆண்டு முடிவில்

ஸ்கோர்களை எண்ணி வாங்கி அடுக்குங்கள். கடைசி ஆண்டு மாணவர்களில் குழு நடத்த ஆர்வமுள்ள ஒருவருக்கு, கடைசி மாதத்தில் சேப்பல் பாடல் ஒன்றைக் கொடுங்கள். ஒத்திகை முதல் ஆராதனை வரை அவரே நடத்தட்டும், முடிந்த பிறகு அரை மணி உட்கார்ந்து பேசுங்கள். பிறகு ஒரு நோட்டில் அந்த ஆண்டில் பாடியவற்றை எழுதுங்கள்: எந்தப் பாட்டு, எந்தச் சுருதி, பிரிவுக்கு எத்தனை குரல், சபையார் எதில் வாய் திறந்து பாடினார்கள், எதில் இல்லை. அடுத்த ஆண்டுக் குரல் தாள்கள் கைக்கு வந்ததும் இரண்டையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு பாடல் தேர்வைத் தொடங்குங்கள்.